புளூடூத் சிப் ரீசெட்டுக்குப் பணியாதது ஏன்?

புளூடூத் கன்ட்ரோலருக்குள் தனிச் செயலியும் ஃபர்ம்வேரும் உண்டு. அதைத் தொடங்கும்போது லினக்ஸ் அனுப்பும் முதல் கட்டளைகளில் ஒன்று ரீசெட். ‘முடிந்தது’ என்ற பதில் கெடுவுக்குள் வராவிட்டால் -110 என்ற பிழை எண் பதிவாகும், புளூடூத் இயங்காது.

மின்சாரம் நிலைப்படும் முன்பே கட்டளை போய்ச் சேர்ந்ததால் பதில் வராமல் போயிருக்கலாம். ஃபர்ம்வேரே உறைந்திருந்தால் சிக்கல் பெரிது. ரீசெட் கட்டளையைப் படித்துச் செயல்படுத்த வேண்டியதும் அதே ஃபர்ம்வேர்தான். மயங்கிக் கிடப்பவரிடம் ‘எழுந்திரு’ என்று சொல்லிப் பயனில்லை. அப்போது சிப்பின் ரீசெட் முனை வழியாகவோ யுஎஸ்பி போர்ட் வழியாகவோ வெளியிலிருந்து மீட்க வேண்டும். அப்படி மீட்டால் பல சிப்களில் ஏற்றிய ஃபர்ம்வேர் அழிந்துவிடும். டிரைவர் அதை மறுபடி ஏற்றியாக வேண்டும்.

இத்தகைய சிக்கலுக்கான டிரைவர் திருத்தத்தைச் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது, அது காரணத்தைத் தீர்க்கிறதா, காத்திருப்பை நீட்டிக் கோளாறை மறைக்கிறதா என்பதை. (தாமதம் உண்மையிலேயே தேவைப்படும் சிப்களும் உண்டு, அதற்கு ஆவணச் சான்று வேண்டும்.) ரீசெட்டின்போது பதிலுக்குக் காத்திருந்த கட்டளைகள் முறையாக ரத்தாகின்றனவா? விடுவித்த நினைவகத்தை வேறொரு த்ரெட் தொடுகிறதா? இவ்வகைப் பிழைகள் சோதனையில் எப்போதாவதுதான் தலைகாட்டும் என்பதால், நிரலை வரிவரியாகப் படிப்பதும் அவசியம்.

ஒரே டிரைவர் பல நிறுவனச் சிப்களை இயக்குகிறது. ஆகவே ஒரு சிப்புக்கான மாற்றுவழி அந்தச் சிப்புக்கு மட்டுமே பொருந்தும்படி இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சிஎஸ்ஆர் நிறுவனச் சிப்பின் போலிகளை அடையாளம் காண லினக்ஸ் டிரைவரில் தனிச் சோதனையே இருக்கிறது.