மூன்று ஆல்பங்களும் ஒரு லாரியும்

ராக் சங்கீத ரசிகர்கள் கூடிப் பேசுகிற இடங்களிலெல்லாம், பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ சிறந்ததா, பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ சிறந்ததா என்கிற வழக்கு நெடுங்காலமாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது. லண்டன் அபே ரோடு வீதியிலுள்ள ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி, முறையே 1967-லும் 1973-லும் வெளிவந்த அவ்விரண்டின் மகிமையையும் மறுக்கும் உத்தேசம் எனக்கில்லை. எனினும், சகல சௌகரியங்களும் அமைந்த கூடத்தில், நிபுணர்கள் பக்கத்திலிருந்து பரிபாலிக்க, பிசிறேதுமின்றிப் பிறந்த அந்தப் படைப்புகளிடத்தில் எனக்கு உண்டாவது மரியாதைதான். பிரியம் உண்டாவது வேறு மூன்று ஆல்பங்களிடத்தில். லெட் ஜெப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம், ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ என்னும் அம்மூன்றும், பெரும்பகுதி 1971-ஆம் ஆண்டில், ஒலிப்பதிவுக்கென்று யாரும் கட்டாத கட்டடங்களில் பதிவானவை. மூன்றுக்கும் பயன்பட்டது ஒரே லாரி.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பியானோ வாசித்தும், அவர்களுடைய பிரயாண ஏற்பாடுகளைக் கவனித்தும் வந்த இயன் ஸ்டூவர்ட் என்பவரின் யோசனையில் உதித்த லாரி அது. கட்டுப்பாட்டு அறையை மட்டும் வண்டிக்குள் அடக்கி, வாத்தியக்காரர்களை அவர்களுக்கு இஷ்டமான வீட்டில் உட்காரவைத்து, இடையே கேபிள்களை இழுத்துவிட்டால் எந்த வீடும் ஸ்டூடியோவாகிவிடும் என்பதே அதன் தத்துவம். சாதாரணமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் எதிரொலியை அடக்குவதற்காகச் சுவர்களுக்கு மெத்தை போர்த்திவைப்பார்கள். குடியிருக்கக் கட்டிய வீட்டிலோ, கல்லும் மரமும் படிக்கட்டும் தாம் வாங்கிய நாதத்தைத் தம் இயல்புக்கேற்ப மாற்றித் திருப்பியனுப்பும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஏழைகளைக் குடிவைத்து வேலை வாங்குவதற்காக 1795-இல் கட்டப்பட்ட ஹெட்லி கிரேஞ்ச் என்னும் மாளிகை, லெட் ஜெப்பலின் வந்திறங்கிய காலத்தில் குளிரும் ஈரமும் குடிகொண்ட பழங்கட்டடமாக இருந்தது. அந்த வாசஸ்தலத்தின் முழு விசேஷத்தையும் அறிய வேண்டுமானால், எல்லாரும் கொண்டாடுகிற ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை விட்டுவிட்டு (அதன் அடிப்படைப் பதிவு லண்டனில் நடந்தது), ஆல்பத்தின் கடைசிப் பாட்டாகிய ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ஸைக் கேட்க வேண்டும். 1927-இல் மிஸிஸிப்பி நதி கரைபுரண்டு விளைத்த பேரழிவைப் பற்றி, கான்ஸஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-இல் பதிந்த ப்ளூஸ் பாட்டு அது. லெட் ஜெப்பலின் அதை எடுத்தாண்டபோது, ஜான் பான்ஹாமின் டிரம் வாத்தியத்தைக் கூடத்தில் மாடிப்படியின் அடியில் வைத்து, ஒவ்வொரு தோலின் பக்கத்திலும் ஒரு மைக்கை நிறுத்துகிற வழக்கத்தைக் கைவிட்டு, மாடியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். கல்மண்டபத்தில் தவில் வாசிக்கக் கேட்டவர்களுக்கு, அப்படி வைத்ததனால் விளைந்தது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. போதாதற்கு, பதிந்த நாடாவின் வேகத்தையும் சற்றே குறைத்தார்கள். அடி ஒவ்வொன்றும் கனத்து, அணை உடைவதற்கு முந்திய பீதியே லயமாக உருவெடுத்தாற்போல் ஆயிற்று. பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு ராப் பாட்டுக்காரர்கள் அந்த டிரம் ஒலியை அப்படியே வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அஸ்திவாரமாகப் போட்டுக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயருமில்லை, ஆல்பத்தின் பெயருமில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் மட்டும் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விலைபோயிற்று.

அந்த வருஷமே, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் வருமான வரிக்கு அஞ்சி பிரான்சு தேசத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர். லாரியும் அவர்களைத் தொடர்ந்தது. நீஸ் நகரத்துக்கருகே கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்குப் பிடித்திருந்த நெல்கோட் என்னும் மாளிகையின் மேல்தளங்கள் ராஜபோகமாக இருந்தனவாம். வாசிப்பு நடந்ததோ நிலவறையில். கோடைப் புழுக்கத்தில் கிதார்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் சுருதி இறங்கின. இடப் பற்றாக்குறையினால் ஒருவர் ஓர் அறையிலும் மற்றொருவர் வேறோர் அறையிலுமாக, முகம் பாராமலே வாசித்தார்கள். அங்கிருந்த அற்பமான காற்றோட்ட வசதியைக் குறித்தே ‘வென்டிலேட்டர் ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டுப் பிறந்தது. பதினெட்டுப் பாட்டுகளில் சில முன்னரே இங்கிலாந்தில் தொடங்கப்பட்டவை. மெருகேற்றியது லாஸ் ஏஞ்சல்ஸில். ஆயினும் அந்த நிலவறையின் வேர்வை ஆல்பம் நெடுகிலும் கசிந்துகொண்டே இருக்கிறது. மிக் ஜாகரின் குரல் வாத்தியங்களுக்கடியில் பாதி புதைந்து கிடப்பது குறையென்று அவரே பிற்காலத்தில் வருத்தப்பட்டதுண்டு. பாடகருக்கு அந்த வருத்தம் நியாயமே. ஆனால், வார்த்தை பிடிபடாத அந்தக் குரலைத் தேடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பதுதான் எனக்கு அந்த ஆல்பத்தின் சுகம், இம்மூன்றில் அதற்கு முதல் ஸ்தானம் கொடுப்பதற்கும் அதுவே காரணம். 1972-இல் வெளிவந்தபோது விமரிசகர்களில் பலர் முகஞ்சுளித்தார்கள். பிறகு மெல்ல வழிக்கு வந்தார்கள்.

‘மெஷின் ஹெட்’டின் கதை ஊரறிந்தது. ஸ்விட்ஸர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மான்ட்ரோ நகரத்து காஸினோவில் பதிவு செய்வதென்று டீப் பர்ப்பிள் குழுவினர் ஏற்பாடு செய்துகொண்டு போய்ச் சேர்ந்திருக்க, 1971 டிசம்பர் 4-ஆம் தேதி அங்கே நடந்த ஃப்ராங்க் ஸப்பாவின் கச்சேரியில் யாரோ ஒரு ரசிகன் கூரையை நோக்கித் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, காஸினோ முழுதும் எரிந்து சாம்பலாயிற்று. அதைக் கண்ணால் கண்டு பாடியதுதான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. கிதார் பழகத் தொடங்குகிற பையன்கள் உலகமெங்கும் முதலில் மீட்டிப் பார்த்து, அண்டைவீட்டாரைப் பரிதவிக்க வைக்கும் மெட்டு அதனுடையது. மாற்றிடமாகக் கிடைத்த அரங்கில் இரவில் வாசித்தபோது இரைச்சல் தாளாமல் போலீஸார் வந்துவிட, கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரங்களில் மெத்தைகளை அடுக்கி வேலையைத் தொடங்கினார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வெளியே நின்ற லாரிக்குப் போவதென்றால் அறைகளையும் பால்கனிகளையும் பனியில் சுற்றிக் கடக்க வேண்டியிருந்தபடியால், கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டு, தங்கள் கைக்குத் திருப்தி ஏற்படும்வரை வாசித்துத் தீர்த்தார்கள். ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில் ஜான் லார்டின் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கிதாரும் ஒன்றையொன்று துரத்துகிற ஆவேசத்துக்கு இந்தச் சோம்பல் பெரிதும் உதவியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அந்த லாரி இப்போது கனடாவிலுள்ள கால்கரி நகரத்தின் தேசிய இசை மையத்தில், செப்பனிடப்பெற்று நிற்கிறது. 1975-இல் லண்டன் லைசியம் அரங்கில் பாப் மார்லி பாடிய கச்சேரியைப் பதிந்ததும் இதே வண்டிதான், ‘லைவ்!’ என்று வெளிவந்த அந்த ஆல்பத்தையும் இந்தப் பட்டியலில் நான்காவதாகத் தாராளமாகச் சேர்த்திருப்பேன், அது ரெகே என்றும் ராக் ஆகாது என்றும் சண்டைக்கு வருகிற சிநேகிதர்கள் எனக்கு இல்லாதிருந்தால்.