குட்டிப் பந்தய காருக்கு எந்த டயர்? 3 மில்லி மீட்டரில் இருக்கிறது உண்மை!

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான கார் பந்தயம் உண்டு. அதில் வளைவு கிடையாது. சுற்றி வருவதும் கிடையாது. நேரான பாதை, தூரம் கால் மைல், அதாவது 1320 அடி. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் பாயும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்!

இதற்கு "டிராக்" பந்தயம் என்று பெயர். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்காகத் தேசிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1955-ல் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள கிரேட் பெண்ட் என்ற ஊரில் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. (மிக வேகமான பிரிவுகளுக்கு மட்டும் 2008 முதல் தூரம் 1000 அடியாகக் குறைக்கப்பட்டது.)

இந்தக் கார்களைப் பிளாஸ்டிக்கில் சிறு உருவங்களாகச் செய்வது அங்கே பலருடைய பொழுதுபோக்கு. இது குழந்தை விளையாட்டு அல்ல. பெட்டியில் வரும் உதிரிப் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்து, வாரக்கணக்கில் பாடுபடுகிறார்கள். பெரும்பாலும் அசல் காரில் 25-ல் ஒரு பங்கு அளவு.

இவ்வளவு பாடுபட்டவர்களும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் டயர்!

மறைந்துபோன கார்கள்

"இத்தனை சின்ன டயரில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கலாம்.

பந்தய காருக்கு ஆயுள் குறைவு. பந்தய காலம் முடிந்ததும் என்ஜின் ஒருவருக்கு விலை போகும். கூடு இன்னொருவருக்குப் போகும். மோதி நொறுங்கியவையும் உண்டு. அப்படி மறைந்துபோன பல கார்களுக்கு இன்று சாட்சி, பழைய போட்டோக்களும் இந்தக் குட்டி உருவங்களும்தான். சாட்சி சரியாகச் சொல்ல வேண்டாமா?

ரீட்ரேடிங் ரப்பர்

ரெயில் என்ஜின் புறப்படும்போது சக்கரம் வழுக்கினால், தண்டவாளத்தில் மணல் விடுவார்கள். எத்தனை குதிரை சக்தி இருந்தாலும், சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் பயன் இல்லை. டிராக் பந்தயத்திலும் இதே கதைதான்.

1950-களின் தொடக்கத்தில் இந்தப் பந்தயத்துக்கென்று தனி டயர் இல்லை. நம் ஊர் லாரி டயருக்கு ரீட்ரேடிங் செய்வது போல, பழைய டயரின் மேல் பட்டன் இல்லாத வழவழப்பான ரப்பரை ஒட்டி ஓட்டினார்கள். பட்டன் இல்லாவிட்டால் ரப்பர் முழுவதும் தரையில் படியும், பிடிப்பு கூடும். ஆனால் அந்த டயர்கள் குறுகலானவை. பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும்.

1950-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்வின் ரிப்கின் இந்தப் பந்தயத்துக்கென்றே டயர் செய்வித்தார். கம்பெனியின் பெயர் "எம். அண்டு எச்.". மார்வின், அவருடைய தந்தை ஹாரி ஆகிய இருவருடைய பெயர்களின் முதல் எழுத்துகள்! பிறகு குட்இயர், பயர்ஸ்டோன் போன்ற பெரிய கம்பெனிகளும் களத்தில் குதித்தன.

1960-களின் பிற்பகுதியில் இன்னொரு மாறுதல் வந்தது. பக்கச் சுவர் மென்மையான டயர்களில் காற்றைக் குறைவாக அடைத்தார்கள். கார் கிளம்பும்போது அந்தச் சுவர் துணி போலச் சுருங்கி மடியும். வேகம் பிடித்ததும் விரிந்து, டயரே உயரமாகிவிடும்! ஆகவே 1957-ம் ஆண்டுக் காருக்குச் சுருக்கம் விழுந்த டயரை மாட்டினால், அது தாத்தாவின் கல்யாண போட்டோவில் பேரனுடைய சட்டையைப் போட்டது போல்தான்.

7 அங்குலமா? 10 அங்குலமா?

ஓர் உதாரணம் பார்க்கலாம். 1964-ல் போர்டு கம்பெனி "தண்டர்போல்ட்" என்ற காரை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள பேர்லேன் காருக்குள் 427 கன அங்குல ராட்சத என்ஜினைத் திணித்தார்கள். முன் விளக்குகள் நான்கில் உள்ளே இருந்த இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தை என்ஜினுக்குக் காற்று போகும் வழியாக்கினார்கள். செய்ததே ஏறக்குறைய 100 கார்கள்தான்.

இந்தக் கார் ஓடியது "சூப்பர் ஸ்டாக்" பிரிவில். அங்கே பின் டயரின் அகலம் 7 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு. வழவழப்பான ரப்பரில் பேருக்குச் சில கோடுகள் கீறி, சாலை டயர் என்று கணக்குக் காட்டினார்கள். "சீட்டர்" டயர், அதாவது ஏமாற்று டயர் என்றே அதற்குப் பெயர்! ஆனால் "பேக்டரி எக்ஸ்பெரிமென்டல்" என்ற மற்றொரு பிரிவில் 10 அங்குல டயர் போடலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 25-ல் ஒரு பங்கு அளவில் 7 அங்குலம் என்பது சுமார் 7 மில்லி மீட்டர். 10 அங்குலம் என்பது சுமார் 10 மில்லி மீட்டர். வித்தியாசம் வெறும் 3 மில்லி மீட்டர்.

ஆனால் அந்த 3 மில்லி மீட்டரில்தான் டிரைவரின் திறமை இருக்கிறது. அவ்வளவு பெரிய என்ஜினுக்கு அவ்வளவு குறுகலான டயர். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் புகை கிளப்பிச் சுழலும், கார் நகராது. மெதுவாக மிதித்தால் பக்கத்து கார் போய்விடும். பாதத்தின் பக்குவத்தில்தான் வெற்றி. குட்டிக் காருக்கு அகலமான டயரைப் போடுகிறவர், அந்த மனிதருடைய கஷ்டத்தை அழித்துவிடுகிறார்!

போட்டோவில் ஒரு கணக்கு

சரியான டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ஆண்டு. அடுத்து எந்தப் பிரிவு. அதன் பிறகுதான் டயர். "1960-கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒரே கார் ஒரு நாள் விதிப்படி சிறிய டயரிலும், விதி தளர்ந்த காட்சிப் பந்தயத்தில் வேறு டயரிலும் ஓடியிருக்கலாம்.

காரை நேர் பக்கவாட்டில் எடுத்த பழைய போட்டோ கிடைத்தால் நல்லது. சக்கரத்தின் ரிம் 15 அங்குலம் என்று தெரிந்தால், போட்டோவில் ரிம்மையும் டயரையும் ஸ்கேலால் அளக்க வேண்டும். ரிம் 15 மில்லி மீட்டர், டயர் 29 மில்லி மீட்டர் என்றால், அசல் டயரின் உயரம் சுமார் 29 அங்குலம். குட்டிக் காரில் அது சுமார் 29½ மில்லி மீட்டர் வர வேண்டும். ரிம்மின் விளிம்பு சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால், ஒரு அங்குலம் முன்பின் ஆகலாம்.

இக்காலத்து மிக வேகமான கார்களின் பின் டயர் 36 அங்குல உயரம், 17½ அங்குல அகலம். அதைப் பழைய காருக்கு மாட்டினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எழுத்தையும் கவனியுங்கள்

டயரில் அச்சிட்ட எழுத்தும் காட்டிக்கொடுக்கும். குட்இயர் டயரில் "ஈகிள்" என்ற பெயர் 1980-களில்தான் பரவியது. 1964-ம் ஆண்டுக் காரில் அந்தப் பெயர் இருந்தால் தவறு. மாடல் பெட்டிகள் மறுபடி வெளியாகும்போது முதலில் வந்த டயரே உள்ளே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் உள்ள படத்தை நம்பாமல், உள்ளே இருப்பதை அளந்து பார்ப்பதே நல்லது.

பழைய பெட்டிகளில் மற்றொரு தொல்லை உண்டு. வினைல் டயரிலிருந்து கசியும் ரசாயனம் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிவிடும். சக்கரத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டு டயரை மாட்டுகிறார்கள். கடைசியாக, டயரின் பளபளப்புப் போக உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கிறார்கள். ஓடிய டயர் பளபளக்காது அல்லவா?

வர்ணம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னித்துவிடலாம். கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அந்தக் கார் எந்த ஆண்டு, எந்த விதிக்கு உட்பட்டு, எவ்வளவு சிரமத்தோடு ஓடியது என்பதைச் சொல்வது டயர்தான். அதை மட்டும் மாற்றிவிடக் கூடாது.