ஆறு பருவ நாட்டுக்கு ஒரு கூடாரம்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்குள் ஆண்டின் எந்த நாளில் நுழைந்தாலும், மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் முதிய தம்பதியரைக் காணலாம். 60 வயது நிறைவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, 70-க்குப் பீமரத சாந்தி, 80-க்குச் சதாபிஷேகம் என்று, காலனை இறைவன் உதைத்த தலத்தில் ஆயுளை வேண்டிக் கூடுவோர் அவர்கள். கடந்த தை மாதம் நானும் என் மனைவியும் அந்த வரிசையில் அமர்ந்தோம். என்ன பரிசு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, இருவர் படுக்கக்கூடிய இலகுவான ஒரு கூடாரம் கேட்டோம்.

பூம்புகாரில் தொடங்கி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி வரை நடக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். முழங்கால் இடம் கொடுக்கும்போதே நடந்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. ஆகவே கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே ஓர் எண்ணை மட்டுமே பார்த்தேன். அது எடை. ஒரு கிலோவுக்கும் குறைவான ஒற்றைத் துணிக் கூடாரம் ஒன்று வந்து சேர்ந்தது. திருக்கடையூருக்கு அருகே, சம்பா அறுவடை முடிந்திருந்த உறவினர் வயலை ஒட்டிய களத்தில் அதை விரித்து ஓர் இரவு படுத்துப் பார்த்தோம்.

பின்னிரவு மூன்று மணிக்கு முகத்தில் நீர் சொட்டியது. வெளியே எட்டிப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரங்கள். 'வெளியில் மழை இல்லை. நமக்கு மட்டும் பெய்கிறதே' என்றார் என் மனைவி. போர்வையும் மாற்றுடையும் நனைந்திருந்தன. வீடு அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால் சிரித்துக்கொண்டே திரும்பினோம். நடைப்பயணத்தின் நடுவில் நேர்ந்திருந்தால், அறுபது வயது உடம்புக்கு அது சிரிப்பாக இருந்திராது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி எங்களிடமிருந்துதான். உறங்கும் இருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓரிரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. தெளிந்த வானத்தின் கீழ் விரிந்திருக்கும் மெல்லிய துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. நெற்பயிரின் நுனியில் பனித்துளி கோப்பதும் இதே காரணத்தால்தான். குளிர்ந்த துணியின் உட்புறத்தில் எங்கள் மூச்சு நீராகப் படிந்து, காற்று அசைத்தபோது சொட்டியது. வறண்ட மலைப்பகுதியில் சாளரத்தைத் திறந்துவைத்தால் இந்த ஈரம் பெருமளவு வெளியேறிவிடும். ஆனால், ஆறும் வாய்க்காலும் கடலும் சூழ்ந்த காவிரிக் கடைமடையில் வெளிக்காற்றே நள்ளிரவுக்குப் பின் ஈரத்தால் நிறைந்திருக்கிறது.

இங்குதான் முதல் பாடம். கூடாரங்களின் அட்டையில் 'மூன்று பருவம்', 'நான்கு பருவம்' என்று அச்சிட்டிருப்பார்கள். வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்றுக்கும் ஏற்றது முதல் வகை. பனிப்பொழிவையும் தாங்குவது இரண்டாவது வகை. இது குளிர்நாட்டுக் கணக்கு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்தவர்கள் நாம். 'நான்கு என்பது மூன்றைவிட உயர்ந்தது' என்று எண்ணி, பனிமலைக்கான கூடாரத்தை வாங்கித் தஞ்சைச் சமவெளியில் விரிப்பவர், காற்றுப் புகாத துணிக்குள் வெந்துபோவார். டெல்டாவில் நடப்பதற்கு உகந்த காலம் தையும் மாசியும். அக்காலத்தில் கூடாரத்துக்கு எதிரி மழையன்று, பனியும் கொசுவும்தான்.

இவ்விரண்டுக்கும் விடை இரட்டைச் சுவர்க் கூடாரம். உள்ளே கொசுவலையால் ஆன அறை. அதற்கு மேல், சிறிது இடைவெளி விட்டுத் தனியாக ஒரு மழைத்துணி. நீர் வெளித்துணியின் உட்புறத்தில் படிந்து சரிந்து வெளியே இறங்கிவிடும். வலைக்குள் படுத்திருப்பவர் பெரும்பாலும் நனைவதில்லை. மழைக்கு வாய்ப்பே இல்லாத வெப்ப இரவில் வெளித்துணியைக் கழற்றிவிட்டு வலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதற்காகக் கூடுதலாகச் சுமக்க வேண்டியது அரைக் கிலோ அளவுதான்.

அந்த அரைக் கிலோ பெரிய சுமையா என்று கணக்குப் பார்ப்போம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் சுமக்கக் கூடாது என்பது நடைப்பயணிகள் பொதுவாகக் கொள்ளும் அளவு. முதியவர்கள் அதிலும் குறைத்துக்கொள்வது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ என்பதே உச்சம். கூடாரம் இருவருடையது, ஒருவர் துணியையும் மற்றவர் கழிகளையும் முளைகளையும் எடுத்துக்கொள்ளலாம். 2 கிலோ கூடாரத்துக்கும் 1.2 கிலோ கூடாரத்துக்கும் உள்ள வேறுபாடு ஆளுக்கு 400 கிராம்தான். நம் வெயிலில் ஒருவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் 3 லிட்டர் தண்ணீரின் எடை 3 கிலோ. தண்ணீர் கிடைக்கும் ஊர்களை முன்கூட்டியே அறிந்து, குப்பியைப் பாதியாக நிரப்பி நடப்பவர், பெருந்தொகை செலவழித்துக் குறைக்கும் எடையைச் செலவின்றிக் குறைத்துவிடுகிறார். சில ஆயிரம் ரூபாயிலிருந்து அரை லட்சம் வரை விற்கும் கூடாரங்களுக்கிடையே, கடைசிச் சில நூறு கிராமைக் குறைப்பதற்குத்தான் விலை மிக ஏறுகிறது.

எடையைக் குறிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில நிறுவனங்கள் துணியையும் கழிகளையும் மட்டும் நிறுத்து 'குறைந்தபட்ச எடை' என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்த முழு எடை அதைவிட 200, 300 கிராம் கூடுதலாக இருக்கக்கூடும். ஒப்பிட வேண்டியது முழு எடையையே.

'இருவர் கூடாரம்' என்ற சொல்லும் அப்படித்தான். இரண்டு குறுகிய படுக்கைகளை ஒட்டிப் போட இடமுண்டு என்பதே அதன் பொருள். இவ்வகைக் கூடாரங்கள் பல ஏறத்தாழ 130 செ.மீ. அகலம் கொண்டவை. நடைப்பயணப் படுக்கை ஒன்றின் வழக்கமான அகலம் 51 செ.மீ.; இரண்டு போட்டபின் மிஞ்சுவது ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். பைகளை வெளித்துணியின் கீழ் உள்ள தாழ்வாரத்தில்தான் வைக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாயில் உள்ளதாகப் பார்ப்பதும் அவசியம். இரவில் இருமுறை எழ நேரும் வயதில், ஒருவரைத் தாண்டி மற்றவர் தவழ்ந்து வெளியேறுவது இருவர் உறக்கத்துக்கும் கேடு. கடையில் விரித்துக் காட்டச் சொல்லி, இருவரும் உள்ளே படுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணியின் தரத்தைச் சொல்ல இரண்டு எண்கள் உண்டு. 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். 15, 20 டெனியர் துணி மிக மெல்லியது. கருவேல முள் கிடக்கும் நம் நிலத்தில் அதன் கீழ் தனி விரிப்பு ஒன்று வேண்டும். இரண்டாவது எண் மில்லிமீட்டரில் இருக்கும். 1,500 மி.மீ. என்றால், அவ்வளவு உயர நீர்த்தூண் மேலே நின்றாலும் துணி கசியாது என்று பொருள். மேல்துணிக்கு அது போதும். ஆனால், நனைந்த தரையில் முழங்கால் ஊன்றும்போது அழுத்தம் மிகுதி என்பதால், தரைத்துணிக்கு 3,000 மி.மீ. அளவு இருப்பது நல்லது. நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் நெகிழ்ந்து தொய்யும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது. வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். கழிகளில் அலுமினியமே ஏற்றது. மலிவான ஃபைபர் கிளாஸ் கழி எடையும் மிகுதி, பிளவும் படும்.

விற்பவர் பெரும்பாலும் சொல்லாத ஒன்றும் உண்டு. பல கூடாரங்களில் நீர் புகாமைக்குப் பூசப்படுவது பாலியூரிதேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இப்பூச்சு மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, நாற்றமெடுத்து உரிந்துவிடும். கடலோர வீட்டுப் பரண் இதற்கு மிக வசதியான இடம். ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் இறுக்கி வைத்தால், பயன்படுத்தாமலே கூடாரம் வீணாகும். நிழலில் நன்றாக உலர்த்தி, தளர்வான பருத்திப் பையில் வைக்க வேண்டும். கடற்கரையில் தங்கியபின் கழிகளை நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். சிலிக்கான் பூசிய துணி இந்தச் சிதைவுக்கு ஆளாவதில்லை, விலை கூடுதல்.

விரிக்கும் இடமும் தேர்வின் ஒரு பகுதியே. கைத்தடிகளை நட்டு, கயிறு இழுத்துக் கட்டும் கூடாரம் எடை குறைந்தது. ஆனால் அது முழுவதும் முளைகளை நம்பியிருப்பது. கடற்கரை மணலில் முளை நிற்காது. மாசியின் காய்ந்த களிமண்ணில் முளை இறங்காது. தன் கழிகளாலேயே நிற்கும் கூடாரம் நமக்கு உகந்தது. மணலில், சிறு பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் பிடிப்பு கிடைக்கும். மரத்தடியில் பனி குறைவு. ஆனால் தென்னையின் கீழ் ஒருபோதும் வேண்டாம். மட்டையோ நெற்றோ விழுந்தால் எந்தத் துணியும் தாங்காது. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவது நெருப்புக்கும் நச்சுப்புகைக்கும் வழிவகுக்கும். இடி மின்னலிலிருந்து கூடாரம் காக்காது, புயலிலிருந்தும் காக்காது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் கரையில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் இக்கரையில் கூடாரத்துக்கு உரிய மாதங்கள் அல்ல. காட்டுக்குள் தங்குவதாயின் வனத்துறை அனுமதி கட்டாயம்.

கூடாரம் நமக்குப் புதிய பொருளன்று. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, கார்காலத்தில் காட்டிடையே அமைந்த ஒரு பாசறையை விரிவாகக் காட்டுகிறது. அதைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகரின் மகன். எங்கள் நடை தொடங்கும் பூம்புகார்தான் அவர் ஊர். ஆனால், அது படை சுமந்துசென்ற கூடாரம். சாதாரண வழிநடைப் பயணி கூரையைச் சுமக்கத் தேவையின்றி வைத்திருந்தன சத்திரங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. இன்றும் வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவர்களில் பலர் படுப்பது சாலையோரத்தில். நடைவழிகளில் குடிநீரும் கழிப்பறையும் உள்ள ஒரு திடலை உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்கித் தந்தால், அது பழைய சத்திர அறத்தின் எளிய தொடர்ச்சியாக இருக்கும்.

முதுமையில் நடக்க முனைவோருக்கு எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி நினைவுக்கு வர வேண்டும். 1955-இல், தமது 67-ஆம் வயதில், 3,000 கி.மீ.க்கும் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். அவரிடம் கூடாரமே இல்லை. குளியலறைத் திரை ஒன்றுதான் மழைக்கு மறைப்பு. வழியில் இருந்த தங்குகுடில்களும் மனிதர்களின் திண்ணைகளும் அவருக்குக் கைகொடுத்தன. எதைச் சுமப்பது என்ற கேள்வி, வழியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது என்பதற்கு அவர் நடை சான்று.

முதல் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாயில் கொண்ட 1.7 கிலோ இரட்டைச் சுவர்க் கூடாரம் ஒன்றை வாங்கினோம். மாசியில் ஐந்து நாள் நடந்தோம். நான்கு இரவுகளில் இரண்டை விடுதிகளிலும், இரண்டை உரியவரிடம் கேட்டுப் பெற்ற இடத்தில் கூடாரத்திலும் கழித்தோம். இரண்டாம் கூடார இரவின் விடியலில் வெளித்துணியின் உட்புறம் முழுவதும் துளிகள் கோத்திருந்தன. என் மனைவியின் போர்வை உலர்ந்திருந்தது. கூடாரம் வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை கிராம்' என்பதன்று. எந்த மாதத்தில், எந்த மண்ணில், யாரோடு படுக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தபின் எடையைப் பார்ப்போம்.