மலைப்பாதைக்கு மாற்றிய வண்டியும் அதில் வரும் நோயாளியும்

மலைக் கிராமங்களிலிருந்து நம் மருத்துவமனைக்குப் பலர் பழைய பிக்கப் வண்டிகளில் வருகின்றனர். கரடுமுரடான பாதைக்கென அவ்வண்டிகளில் செய்யப்படும் மாற்றங்கள் நோயாளியின் உடலையும் பாதிக்கும் என்பதால், சிலவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

வண்டியை உயர்த்தினால் அடிப்பகுதி பாறையில் தட்டாது. ஆனால் எடைமையம் மேலேறுவதால் வளைவுகளில் கவிழும் அபாயம் கூடும். சுமைக்கென அமைந்த லீஃப் ஸ்பிரிங்கில் மேலும் பட்டைகளைச் சேர்த்தால், நோயாளி ஒருவரை மட்டும் ஏற்றிவரும்போது வண்டி துள்ளும். எலும்பு முறிந்தவருக்கு ஒவ்வொரு துள்ளலும் வேதனையே. எனவே, தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுவதையே முதற்பணியாகக் கொள்ளுங்கள்.

மண்பாதையில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் குலுக்கல் தணியும். தார்ச்சாலையை அடைந்ததும், விரைந்து செல்லுமுன் மீண்டும் நிரப்புதல் வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். நோயாளியைப் பின்னச்சுக்கு மேலே கிடத்தாமல், இயன்றவரை அதற்கு முன்புறமாகக் கிடத்துங்கள். அங்கே அதிர்வு குறைவு.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே, பணியைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், அவரை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் எதுவரை வர இயலும் என்பதையும் அப்போதே தெரிவியுங்கள்.