பின்னக் கணக்கும் பாகப்பிரிவினையும்: பிள்ளைகளின் தவறை எப்படிக் கண்டறிவது?



ஒருவர் மரணித்துவிட்டார். மனைவி, தாய், ஒரு மகன் மட்டுமே வாரிசுகள். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியது 24 லட்சம் ரூபாய். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மீதி மகனுக்கு. யாருக்கு எவ்வளவு?

பெரம்பலூர், அரியலூர் பகுதி மக்தபுகளில் ஓதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/14 என்று சிலர் எழுதுவார்கள். 2/14 என்பது 1/7. அப்படியானால் இருவரின் பங்கும் சேர்ந்து, தாயின் 1/6 பங்கைவிடக் குறைந்துவிடுகிறதே!

சரியான வழி: 8, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 24. எனவே 3/24 + 4/24 = 7/24. மனைவிக்கு 3 லட்சம், தாய்க்கு 4 லட்சம், மகனுக்கு 17 லட்சம். தவறான கணக்கிலோ இரு பெண்களுக்கும் சேர்த்து சுமார் 3.43 லட்சம்தான். அல்லாஹ் விதித்த ஹக்கில் பாதிகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பள்ளியில் இதையே விகிதமுறு எண்களின் கூட்டல், கழித்தல் என்று படிக்கிறார்கள். அங்கே குறை எண்களும் சேர்ந்துகொள்கின்றன. பெற்றோர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. தவறு எந்த இடத்தில் நடந்தது என்று பார்க்க வேண்டும். வளரறி மதிப்பீட்டின் நோக்கமும் அதுவே.

-2/3 - (-1/4) என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். விடை -5/12. ஒரு பிள்ளை -11/12 என்கிறது. அதற்குப் பகுதியைச் சமமாக்கத் தெரிகிறது, குறியில்தான் குழப்பம். இன்னொரு பிள்ளை -1/7 என்கிறது. அதற்குக் குறி தெரிகிறது, பின்னம் புரியவில்லை. இருவருக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும். ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு.

வீட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. கணக்குப் போடும் முன், "விடை 1-ஐ விடக் கூடுமா, குறையுமா? பூஜ்யத்துக்கு மேலா, கீழா?"

2. போட்ட பின், "எப்படிச் செய்தாய், சொல்." விடை சரியாக இருந்தாலும் கேளுங்கள்.

3. "இதை வைத்து ஒரு கதை சொல்." கடன் கொடுத்தவர் அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால் கடன் குறைகிறது. குறை எண்ணைக் கழிப்பதும் அதுதான் என்று பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் புரிந்துவிட்டது.

நான்காவது அத்தியாயமான சூரத்துந் நிஸாவில் வாரிசுப் பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்று பின்னங்களாகவே வருகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தமது அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதியைப் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். மார்க்கக் கல்வி வேறு, கணக்கு வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று நோட்டில் பின்னம் போடும் பிள்ளைதான் நாளை குடும்பத்தில் பங்கு பிரிக்க உட்காரும். எவருடைய ஹக்கும் குறையாமல் கணக்கிடும் அறிவை வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.