தன்வரலாற்றில் நிலத்தின் வரலாறு

தன்வரலாறு, நாட்குறிப்பு, கடிதம், பிறர் கேட்டெழுதிய வாழ்க்கைக்கதை ஆகிய அனைத்தையும் ஆய்வாளர்கள் வாழ்வெழுத்து என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். தம் வாழ்வைச் சொல்லப் புகுந்தவர் தாம் வளர்ந்த மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்ததையும் சேர்த்தே சொல்லும்போது, அந்நூல் சூழலியல் சாட்சியமாகவும் நிற்கிறது.

கென்யாவின் வங்காரி மாத்தாய் 2006இல் வெளியிட்ட தன்வரலாறு இதற்குத் தலைசிறந்த சான்று. அவர் பிறந்த நியேரிப் பகுதியில் வீட்டருகே பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது; அது கடவுளின் மரம், அதன் சுள்ளியைக்கூட விறகுக்கு எடுக்கலாகாது என்று தாய் சொல்லியிருந்தார். அருகில் ஊற்றெடுத்த ஓடையில் மிதந்த தவளை முட்டைகளை மணிகள் என்றெண்ணி மாலையாக அள்ள முயன்றதையும், அவை விரல்பட்டதுமே நழுவிச் சிதறியதையும் அவர் விரிவாக எழுதுகிறார். அத்தியின் வேர் பாறையைத் துளைத்து நிலத்தடி நீரைத் தொடுவதால் அந்நீர் வேர்வழியே மேலேறி ஊற்றாகிறது என்னும் அறிவியல் விளக்கத்தைப் பின்னாளில்தான் அவர் அறிந்தார். அமெரிக்காவில் படித்துத் திரும்பியபோது, தேயிலை பயிரிடுவதற்காக மரம் வெட்டப்பட்டிருந்தது, ஓடையும் வற்றியிருந்தது. 1977இல் பெண்களைக் கொண்டு மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கி, 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவருடைய பொதுவாழ்வை இந்த அத்திமரத்திலிருந்து பிரித்து வாசிப்பது அரிது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கண்டல் மரங்களை நட்டு வளர்த்த தலித் உழைப்பாளி கல்லேன் பொக்குடன் 2002இல் மலையாளத்தில் வெளியிட்ட தன்வரலாற்றில், சாதிக்கொடுமையும் கண்டல்காடும் ஒரே வாழ்வின் அனுபவங்களாகவே பதிவாகியுள்ளன. இயற்கையைத் தனிமையில் ரசிக்கும் எழுத்துக்கு வாய்க்காத கூர்மை, சேற்றில் இறங்கி உழைத்தவர் எழுத்துக்கு வாய்த்திருக்கிறது.

அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த டெரி டெம்பஸ்ட் வில்லியம்ஸ் 1991இல் வெளியிட்ட நூலின் ஒவ்வோர் இயலுக்கும் ஒரு பறவையின் பெயரோடு, அங்குள்ள பெரிய உப்பேரியின் அப்போதைய நீர்மட்டமும் தலைப்பில் குறிக்கப்பட்டுள்ளது. ஏரி பெருகிப் பறவைகளின் புகலிடத்தை மூழ்கடித்த ஆண்டுகளிலேயே அவருடைய தாய் சூலகப் புற்றுநோயால் நலிந்து இறந்தார். குடும்பத்துப் பெண்கள் பலரைத் தாக்கிய புற்றுநோய்க்கு நெவாடாவின் அணுகுண்டுச் சோதனைகளே காரணம் என்று தம்மால் நிறுவ இயலாது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளும் அவர், ஐயம் நீங்காத நிலையிலும் சோதனைத் தளத்துக்குள் வேறு சிலரோடு அத்துமீறி நுழைந்து கைதானதைப் பதிவுசெய்கிறார்.