நூற்றாண்டு விழாவும் கொள்ளைநோயும்

வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் தாழி உடைந்தது என்பார்கள். ஒஸ்திரியா நாட்டின் சால்ஸ்பேர்க் நகரத்தார்க்கு 2020ஆம் ஆண்டில் நேர்ந்தது ஏறக்குறைய அதுவேயாகும். மோசாட் என்னும் இசைமேதை 1756இல் பிறந்த ஊர் அது. மேலைத்தேய சங்கீத உலகின் தலையாய விழாக்களுள் ஒன்று கோடைகாலந்தோறும் அங்கே நடைபெறுகின்றது. 1920ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி, பேராலயத்தின் முன்னுள்ள வெளியில், ஹோஃப்மன்ஸ்தால் எழுதிய 'யேடர்மன்' என்னும் நாடகத்தை மக்ஸ் றைன்ஹாட் மேடையேற்றியதே அவ்விழாவின் தொடக்கம். செல்வன் ஒருவனை மரணம் வந்து பெயர்சொல்லி அழைக்கும் கதை அது. உலகப்போரும் அதனையடுத்து வந்த நச்சுக்காய்ச்சலும் பல கோடி உயிர்களை வாரிச் சென்ற காலத்தில் அத்தகைய கதையைத் தேர்ந்தெடுத்தமை பொருத்தமென்றே சொல்லவேண்டும்.

நூறாண்டு நிறைவுக்கெனச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் பெரியவை. நாற்பத்துநான்கு நாட்கள், ஏறக்குறைய இருநூறு நிகழ்ச்சிகள் என நிரல் வகுக்கப்பட்டு, ஓர் இலட்சத்து எண்பதாயிரம் அளவிலான நுழைவுச்சீட்டுக்களும் விற்றாகிவிட்டன. அவ்வேளையிலேதான் கொவிட்-19 ஐரோப்பாவினுட் புகுந்தது.

மார்ச் மாதம் முடியுமுன்னரே ஏனைய விழாக்கள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கலாயின. இங்கிலாந்தில் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடவிருந்த கிளாஸ்டன்பரி விழா மார்ச் 18இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டு மட்டுமன்றி அடுத்த ஆண்டும் அது நடைபெறவில்லை. 2022 ஜூனிலேதான் மீண்டும் மக்கள் அங்கே கூடினர். அமெரிக்காவின் கோச்செல்லா விழாவினர் ஏப்பிரல் மாதத்திலிருந்து ஒக்டோபருக்கு நாள் மாற்றினார்கள். அதுவும் நடவாது போயிற்று. வாக்னரின் இசைநாடகங்களுக்கென்றே அமைந்த ஜேர்மனியின் பைரொயித் விழாவும் நிறுத்தப்பட்டது.

ஒரு விழாவைத் தள்ளிவைப்பதென்றால் நாட்காட்டியில் ஒரு திகதியை அடித்துவிட்டு மற்றொன்றை எழுதுவதுதானே என்று நம்மிற் சிலர் எண்ணலாம். பாடசாலைக்கு நேரசூசி தயாரித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஒரு பாடத்தை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றப் புகுந்தால் ஐந்து வகுப்புக்களின் ஒழுங்கு குலையும். இசைநாடக உலகத்திலோ சிக்கல் இதனினும் பன்மடங்கு. புகழ்பெற்ற பாடகர்களை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தஞ் செய்துகொள்வது வழக்கம். ஒக்டோபருக்கு மாற்றுவோமெனின் அப்பாடகி அம்மாதம் வேறொரு நாட்டு மேடையில் நிற்பாள். சால்ஸ்பேர்க் விழாவின் முதுகெலும்பாகிய வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினரோ வியன்னா அரச இசைநாடக மன்றத்திலும் வாசிப்பவர்கள். செப்டெம்பரில் அம்மன்றத்தின் பருவம் தொடங்கிவிடும். ஆகவே கோடையை விட்டால் அடுத்த கோடைதான்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தள்ளிவைக்கப்படும் கலைப்படைப்பு காத்திருக்கும். கலைஞன் காத்திருப்பான் என்பதற்கு உறுதியில்லை. இவ்விழாவின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்றுண்டு. இதன் மூலவர்களுள் ஒருவரான றிச்சாட் ஸ்ட்ரவுஸ் தம் முதுமையில் இயற்றிய 'டானையின் காதல்' என்னும் இசைநாடகம் 1944இல் இங்கு அரங்கேறவிருந்தது. அவ்வாண்டு ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல முயற்சி நடந்தபின் நாட்டின் விழாக்களெல்லாம் நிறுத்தப்பட்டன. ஓகஸ்ட் 16ஆந் திகதி முழு ஒத்திகை ஒன்றை நடத்த மட்டும் அனுமதி கிடைத்தது. முறையான அரங்கேற்றம் 1952இலேதான் நிகழ்ந்தது. ஸ்ட்ரவுஸ் 1949இலேயே மறைந்துவிட்டார்.

பாட்டே ஆபத்தானபோது

சாதாரணக் கூட்டத்தைவிடச் சங்கீதக் கூட்டத்தை அதிகாரிகள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச் 10ஆந் திகதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழுவைச் சேர்ந்த 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒருங்கிருந்து ஒத்திகை பார்த்தனர். அவர்களுள் ஒருவருக்கு நோய்க்குறி இருந்தது. பின்னர் அக்கூட்டத்தில் மேலும் 52 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். உரக்கப் பாடும்போது வாயினின்றும் வெளிப்படும் நுண்துளிகள் அடைத்த அறையினுள் மிதந்து நிற்கின்றன என்பதை உலகம் அறிந்துகொள்ள அந்நிகழ்ச்சி பெரிதும் உதவியது. உதவியது என்று எழுதவும் மனம் கூசுகின்றது.

வியன்னா வாத்தியக்காரர்கள் வெறுமனே அஞ்சிக்கொண்டிருக்கவில்லை. மருத்துவர்களின் துணையோடு தம் மூச்சையே அளந்து பார்த்தார்கள். காற்று வாத்தியங்களை ஊதுவோரின் மூச்சு எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதை மெல்லிய நீர்ப்புகையின் உதவியால் ஒளிப்படம் எடுத்தனர். எண்பது சதமமீற்றருக்கு அப்பால் அது செல்வதாகக் காணப்படவில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் நெருங்கியிருந்து வாசிக்கத் துணிந்ததற்கு இவ்வாராய்ச்சியும் அடிக்கடி செய்யப்பட்ட நோய்ப் பரிசோதனையும் ஆதாரங்களாயின.

விழாத் தலைவி ஹெல்கா றாபிள்-ஸ்டாட்லரும் கலை இயக்குநர் மார்க்குஸ் ஹின்ரர்ஹொய்சரும் மே மாதத்தின் இறுதிவரை முடிவெடுக்காது பொறுத்திருந்தார்கள். பலர் இதனைப் பிடிவாதம் என்றனர். மே 25இல், சுருக்கிய விழாவொன்று ஓகஸ்ட் மாதம் நடைபெறுமென்று அறிவித்தனர். முப்பது நாட்கள், எட்டு அரங்குகள், நூற்றுப்பத்து அளவிலான நிகழ்ச்சிகள்.

அப்பொழுதுதான் நிரலைத் திருத்தியமைக்கும் உண்மையான வேலை தொடங்கியது. பெரும் பாடற்குழுவும் நீண்ட ஒத்திகையும் வேண்டிய படைப்புக்கள் விலக்கப்பட்டன. மோசாட்டின் 'டொன் ஜியோவானி'யும் லுயிஜி நோனோவின் 'சகிப்பின்மை 1960'உம் அடுத்த ஆண்டுக்குச் சென்றன. எஞ்சிய இசைநாடகங்கள் இரண்டே. ஒன்று ஸ்ட்ரவுஸ் இசையமைக்க ஹோஃப்மன்ஸ்தால் பாட்டெழுதிய 'எலெக்ட்ரா'. விழாவை நிறுவியோருள் இருவரின் கூட்டுப் படைப்பாதலால் நூற்றாண்டுக்கு அதனினும் தகுந்தது வேறில்லை. மேலும் இடைவேளையே இல்லாத ஓரங்க நாடகம் அது. இடைவேளையின்றேல் மண்டபத்தில் நெரிசலில்லை.

மற்றது முதல் நிரலில் இல்லவே இல்லாத ஒன்று. மோசாட்டின் 'கோசி ஃபான் தூத்தே' ஆறே பாடகர்களைக் கொண்டு நடத்தத்தக்கது. 'போரிஸ் கொடுனோவ்' நாடகத்தை நெறிப்படுத்தவிருந்த கிறிஸ்டோஃப் லோய் தம் வேலை நின்றுபோன நிலையில் இதனைக் கையேற்றார். 'மாயக் குழல்' நாடகத்துக்கு இசை நடத்தவிருந்த ஜொவானா மல்விற்ஸ் இதற்கு இசை நடத்தினார். மூன்று மணிக்கு மேற்பட்டு ஓடும் நாடகத்தை, இடைவேளையின்றி இரண்டரை மணிக்குள் அடங்குமாறு இருவரும் குறுக்கினர். அரங்கில் வெள்ளைச் சுவரும் இரண்டு கதவுகளுமன்றிப் பெரிதாக வேறொன்றுமில்லை. சில கிழமைகளில் உருவான இப்படைப்பு அவ்வாண்டின் மிகச் சிறந்த படைப்பென்று விமரிசகர் பலரின் பாராட்டைப் பெற்றது. பல ஆண்டுகள் திட்டமிட்டுப் பெரும் பொருட்செலவில் வரும் தயாரிப்புக்களைப்பற்றி அவ்வாறு எப்போதும் சொல்லமுடிவதில்லை.

பீதோவன் பிறந்து 250 ஆண்டுகள் நிறைந்த வருடமுமாதலால் அவருடைய 32 பியானோ சொனாற்றாக்களையும் இகோர் லெவிற் எட்டு மாலைகளில் வாசித்தார். வீடடங்கியிருந்த வசந்த காலத்தில் தம் இல்லத்திலிருந்தே இணையத்தின் வாயிலாக ஐம்பதுக்கு மேற்பட்ட கச்சேரிகளைச் செய்தவர் அவர். ஒற்றைக் கலைஞர், ஒற்றை வாத்தியம். கொள்ளைநோய்க் காலத்துக்கு இதனினும் வசதியான நிரல் கிடையாது.

சதுரங்கப் பலகையில் சபையோர்

இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய பெரிய மண்டபத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேரே அனுமதிக்கப்பட்டனர். சதுரங்கப் பலகையில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கறுப்பும் வெள்ளையும் அமைந்திருப்பதுபோல ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. நுழைவுச்சீட்டில் வருபவரின் பெயர் பொறிக்கப்பட்டது. ஆசனம் சேரும்வரை முகக்கவசம், சிற்றுண்டிச்சாலை இல்லை. பணியாளர்கள் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என மூன்று பிரிவாக வகுக்கப்பட்டனர். இடைவெளி பேண இயலாத பாடகரும் வாத்தியக்காரரும் சிவப்புப் பிரிவினர். அவர்கள் ஒழுங்காகப் பரிசோதனைக்குட்பட வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் பணியாளர் ஒருவருக்குத் தொற்று கண்டபோது பலர் கைபிசைந்தனர். எனினும் அது பரவவில்லை.

முடிவில் 76,500 பேர் வந்திருந்தனர். முந்திய ஆண்டில் வந்தோர் இரண்டரை இலட்சத்தினும் அதிகம். சபையோரிடையே தொற்று ஏற்பட்டதாகத் தகவல் எதுவும் வரவில்லையென விழாவினர் அறிவித்தார்கள்.

இதனை முழுக்க முழுக்க அவர்களின் திறமை என்று கொண்டாடுவோரோடு நான் உடன்படேன். அக்கோடையில் ஒஸ்திரியாவில் நோய் தணிந்திருந்தது. அரசின் கைகொடுப்பும் இருந்தது. அதே ஏற்பாட்டை நவம்பரில் செய்திருக்க இயலாது. நவம்பர் தொடக்கத்தில் அந்நாட்டின் அரங்குகளெல்லாம் மறுபடியும் மூடப்பட்டன. நிரலிலிருந்து நீக்கப்பட்ட நிகழ்ச்சிகளில் பாடவும் ஆடவும் இருந்தோரின் நிலையும் எண்ணத்தக்கது. மாதச் சம்பளம் பெறாத கலைஞர்க்கு மேடையேறாத மாலை கூலியில்லாத மாலைதான். பெரிய விழா பிழைத்த கதையில் அவர்களுடைய பெயர்கள் வருவதில்லை.

ஆயினும் அரங்குகளைப் பூட்டி வைத்தலே பாதுகாப்பு என்று சொல்லியிருந்தால் எவரும் குறைகூறியிரார். செய்யத்தக்கது எது, விடத்தக்கது எது என்று ஒவ்வொன்றாய் எடுத்து நோக்கி, அளந்து, விட்டதைக் கைவிடாது அடுத்த ஆண்டுக்கென எடுத்து வைத்தமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எடுத்துவைத்தது 2021இல் மேடைக்கு வந்தது. நூற்றாண்டுக் கொண்டாட்டம் அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதிவரை நீட்டப்பட்டிருந்தது. 'டொன் ஜியோவானி'யில், முந்திய கோடையில் நினைத்தும் பார்த்திருக்க முடியாதபடி, அவ்வூர்ப் பெண்கள் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் ஒரே மேடையில் திரண்டு நின்றனர். ஆசனங்களும் முழுமையாகத் திறந்துவிடப்பட்டன. ஆனால் ஜூலையில் 'யேடர்மன்' முதற்காட்சிக்கு வந்திருந்த ஒருவருக்குத் தொற்று இருந்தமை தெரியவரவே, தடித்த முகக்கவசம் அணிந்து காட்சி முடியும்வரை கழற்றாதிருத்தல் வேண்டுமென உடனே விதி செய்தனர். அவ்வாறே அணிந்துகொண்டுதான் சபையோர் மோசாட்டைக் கேட்டார்கள்.